முருங்கைத் தோட்டத்துக்கும் வாழை வயலுக்கும் எந்த ஏடிவி? ஸ்போர்ட்ஸா, யூட்டிலிட்டியா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலிப் பக்கம் தோட்டம் துரவுக்காக ஃபோர் வீல் டிரைவ் ஏடிவி (பைக் மாதிரி ஹேண்டில்பாரும் நாலு தடித்த சக்கரமும் உள்ள, கரடுமுரடான நிலத்தில் ஓடுகிற வண்டி) வாங்குகிறவர் யூட்டிலிட்டி ரகத்தை, அதாவது சுமை இழுக்கிற ரகத்தை, வாங்குங்கள். வேகத்துக்கும் விளையாட்டுக்குமான ஸ்போர்ட்ஸ் ரகம் மோசம் என்பதற்காக இல்லை, ஓட்டிப் பார்த்தால் அதுதான் சிரிப்பை வரவைக்கிற வண்டி. ஆனால் அந்த வண்டி காசு வாங்கிக்கொண்டு தருகிற விஷயங்களில் முக்கால்வாசியை நம்ம ஊர் மண்ணில் பயன்படுத்த இடமே இல்லை.

எங்க அத்தானுக்காகத்தான் இந்த அலைச்சல். திசையன்விளைப் பக்கம் முருங்கை விளை (தோட்டம்), கொஞ்சம் தென்னை, அதை ஒட்டித் தேரி என்கிற செம்மணல் மேடு. களக்காட்டுப் பக்கம் குத்தகைக்கு எடுத்த வாழை வயல் வேறு. பைக்கில் போனால் மணலில் புதைகிறது, மழைக்காலத்தில் வாழைக்குள் சேறு, ஜீப் வரப்பில் ஏறாது. அதனால் ஏடிவி என்ற யோசனை வந்தது. வந்த அன்றைக்கே வீட்டில் இரண்டு கட்சி. அத்தானுக்கு மூட்டை ஏற்றணும், மருமகனுக்கு மணல்மேட்டில் ஏறிப் பறக்கணும். நடுவில் நான், வண்டிப் பைத்தியம் என்ற ஒரே தகுதியில்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று. ஸ்போர்ட்ஸ் என்றும் யூட்டிலிட்டி என்றும் இரண்டு பெயரில் விற்கிற இந்த 4x4 வண்டிகள் பல கம்பெனிகளில் ஒரே வீட்டுப் பிள்ளைகள். கேன்-ஆம் கம்பெனியின் அவுட்லேண்டரும் ரெனிகேடும் சேஸிஸ், எஞ்சின் எல்லாம் பகிர்ந்துகொள்கிறவை. போலாரிஸில் ஸ்போர்ட்ஸ்மேனும் ஸ்கிராம்ப்ளரும் கிட்டத்தட்ட அப்படித்தான். இதில் வேடிக்கை, 'ஸ்போர்ட்ஸ்மேன்' என்று பெயர் வைத்திருப்பது சுமை இழுக்கிற யூட்டிலிட்டி வண்டிக்கு. அந்தப் பெயரைப் பார்த்து மருமகன் ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தான். (யமஹா ராப்டர் மாதிரியான சுத்த ஸ்போர்ட்ஸ் வண்டிகள் தனிச் சாதி. பின் சக்கர டிரைவ் மட்டும், செயின் ஓட்டம், எடை குறைவு. அதைப் பற்றி நான் பேசவில்லை, தோட்டத்துக்கு அது வேண்டவே வேண்டாம்.)

ஆக, ஸ்போர்ட்ஸ் 4x4 என்பது பெரும்பாலும் முன்னால் சுமை வைக்கிற ரேக்கைக் கழற்றிவிட்டு, பின்னால் பேருக்கு ஒரு சின்னத் தட்டு வைத்து, சஸ்பென்ஷனை நீட்டி, பெரிய எஞ்சினை உட்கார வைத்த வண்டி. கணக்குக்குப் போலாரிஸையே எடுத்துக்கொள்வோம். ஸ்கிராம்ப்ளர் எக்ஸ்பி 1000 எஸ், 952 சிசி இரட்டை சிலிண்டர், 89 குதிரைத்திறன், அகலம் 55 அங்குலம், சஸ்பென்ஷன் முன்னால் 12.5 அங்குலமும் பின்னால் 14 அங்குலமும் ஏறி இறங்கும். ஸ்போர்ட்ஸ்மேன் 570, 567 சிசி ஒற்றை சிலிண்டர், அகலம் 48 அங்குலம், சஸ்பென்ஷன் முன்னால் 8.2, பின்னால் 9.5. காகிதத்தில் பார்த்தால் முதலாவதுதான் எல்லாவற்றிலும் மேலே நிற்கிறது. அந்த 55 அங்குலத்தை மட்டும் மனதில் வையுங்கள், அது வாழைக்குள் போகும்போது வந்து இடிக்கும்.

தேரியில் யார் ஜெயித்தார்கள்? சந்தேகமே இல்லை, ஸ்போர்ட்ஸ் ரகம். தேரி மணல் தெரிந்தவர்களுக்குத் தெரியும், செக்கச்செவேல் என்று மாவு மாதிரி இருக்கும், ஆடிக் காற்றில் நேற்று இருந்த மேடு இன்றைக்கு அங்கே இருக்காது. அதில் ஏற வேகமும் விடாத இழுவையும் வேண்டும், நடுவில் தயங்கினால் நாலு சக்கரமும் குழி பறித்துக்கொண்டு வயிற்றில் உட்கார்ந்துவிடும். பெரிய எஞ்சின் உள்ள வண்டி கட்டை விரலைக் கொஞ்சம் அழுத்தினதுமே மேட்டின் தலையில் நிற்கிறது, நீள சஸ்பென்ஷன் இருப்பதால் இறங்கும்போது முதுகில் அடி விழுவதில்லை. "மாமா, இது சும்மா பறக்கு" என்றான் மருமகன், அவன் சொன்னதில் ஒரு வார்த்தை மிகை இல்லை. யூட்டிலிட்டி வண்டியும் ஏறியது, ஆனால் டயர் காற்றை ஐந்து பிஎஸ்ஐ பக்கம் இறக்கி, தூரத்திலிருந்தே ஓட்டம் எடுத்துக்கொண்டு வந்து ஏறியது. ஏறியதும் ஒரு பெருமூச்சு விட்டது வண்டியா நானா என்று தெரியவில்லை.

சரி, அப்படியானால் தேரிக்காகவே ஸ்போர்ட்ஸ் வாங்கலாமே என்றால், எந்தத் தேரியில் ஓட்டப் போகிறீர்கள்? சாத்தான்குளம், உடன்குடிப் பக்கம் பரந்து கிடக்கிற குதிரைமொழித் தேரி காப்புக்காடு, அங்கே வண்டியை விட்டால் வனத்துறைக்குப் பதில் சொல்லணும். மேற்கே மலையடிவாரத்தில் ஏற்றலாம் என்றால் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். சொந்த நிலத்தை ஒட்டிய மணலில் நாலு வட்டம் அடித்தால் மேடு முடிந்துவிடுகிறது. 89 குதிரையை அதற்குள் ஓட்டுவது குதிரைக்கும் கஷ்டம்.

இனி வாழை வயல். இங்கேதான் எனக்கு விஷயம் தெளிவானது. வாழைக்கு வாழை ஆறு அடி விட்டு நடுகிறோம். அதில் 48 அங்குல வண்டி, அதாவது நாலு அடி, கன்று சின்னதாக இருக்கும் வரை நடுவில் போய் வரும். 55 அங்குலம் என்றால் இரண்டு பக்கமும் ஒரு சாண்கூட மிச்சமில்லை, மண் அணைத்த கரையில் ஏறி வேரைச் சேதம் பண்ணாமல் திருப்ப முடியாது. தார் வந்து கம்பு முட்டுக் கொடுத்த பிறகு இரண்டுமே உள்ளே போகக்கூடாது, வரப்போடும் வாய்க்கால் கரையோடும் நிறுத்திக்கொள்ளணும். இன்னொன்று, ஏடிவிகள் பலவற்றில் பின் சக்கரங்கள் இரண்டும் பூட்டினது போல ஒரே வேகத்தில்தான் சுற்றும். காரில் வளைவில் உள் சக்கரம் மெதுவாகச் சுற்றுகிற வசதி (டிஃபரன்ஷியல்) இதில் பின்னால் கிடையாது. அதனால் இறுக்கமாகத் திருப்பினால் மண்ணைக் கிழித்துக்கொண்டுதான் திரும்பும். மெதுவாகப் போகிறபோது இதைச் சமாளிக்க மென்மையான ஆக்ஸிலரேட்டர் வேண்டும். தொட்டதும் பாய்கிற பெரிய எஞ்சினை வைத்துக்கொண்டு வரப்பில் நடை வேகத்தில் போவது கட்டை விரலுக்குத் தண்டனை, கூடவே அந்த எஞ்சின் சூடு தொடையில் அடிக்கும். நம்ம ஊர் சித்திரை வெயிலில் அந்தச் சூடு சின்ன விஷயம் இல்லை.

ஃபோர் வீல் டிரைவ் வேலை செய்கிற விதத்தையும் கடையில் கேளுங்கள், எல்லாம் ஒன்று போல இல்லை. போலாரிஸில் பட்டனைப் போட்டுவிட்டால் பின் சக்கரம் வழுக்கும்போது மட்டும் முன் சக்கரங்கள் தானாகச் சேர்ந்துகொள்ளும், பிடி கிடைத்ததும் விலகிவிடும். கேன்-ஆமில் முன் டிஃபரன்ஷியல் வழுக்கலை உணர்ந்து தானே பூட்டிக்கொள்கிற ஏற்பாடு. யமஹா கிரிஸ்லியில் இரண்டு சக்கர இழுவை, நாலு சக்கர இழுவை, டிஃப் லாக் (முன் டிஃபரன்ஷியலைப் பூட்டுவது) என்று நாமே பட்டனில் தேர்ந்தெடுக்கணும். ஐப்பசி கார்த்திகைச் சேற்றில் தானாகச் சேர்வது நிம்மதி. கிரிஸ்லி போன்றதில் இன்னொரு நல்லது, ஆக்ஸிலரேட்டரை விட்டதும் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்துகிற மாதிரி இழுக்கும். குளத்துக் கரையிலிருந்து சுமையோடு இறங்குகிறவருக்கு இது ரொம்ப முக்கியம். எஞ்சின் பிரேக்கிங் இல்லாத மாடல்களும் இருக்கின்றன, இறக்கத்தில் சும்மா உருளும், பார்த்து வாங்குங்கள். ஸ்டியரிங்குக்குப் பவர் உதவி உள்ள மாடலுக்குக் கூடக் கேட்கிற காசைக் கொடுத்துவிடுங்கள், மணலில் மறுநாள் தோள்பட்டை உங்களை வாழ்த்தும்.

சுமை விஷயத்தில் அத்தான் ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். ஸ்போர்ட்ஸ் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "மாப்ளே, இதுல முருங்கக்கா கட்ட எங்க வைக்க?" என்றார். பதில் இல்லை. ஆனால் யூட்டிலிட்டி என்றதும் லாரி என்று நினைத்துவிடக்கூடாது. ஸ்போர்ட்ஸ்மேன் 570 ரேக்கில் முன்னால் சுமார் 40 கிலோ, பின்னால் சுமார் 80 கிலோதான் கணக்கு. யூரியா மூட்டை 45 கிலோ, டிஏபி 50. ஆகப் பின்னால் ஒரு மூட்டை, இரண்டாவது மூட்டை வைத்தாலே அளவு தாண்டிவிடும், மேட்டில் ஏறும்போது முன் சக்கரம் தூக்கும். ஏத்தன் வாழைத் தார் என்றால் ஐந்தாறு. மீதியை டிரெய்லரில் இழுக்கணும், இழுவை 550 கிலோவுக்கு மேல் தாங்கும், ஆனால் டிரெய்லர் மாட்டினால் கட்டாயம் லோ கியர். இந்த வண்டிகளில் கிளட்ச் பிளேட் கிடையாது, பெல்ட்டில் ஓடுகிற தானியங்கி கியர். ஹை கியரில் மெதுவாகச் சுமை இழுத்தால் பெல்ட் தேய்ந்து, சூடேறி, ரப்பர் கருகுகிற வாசம் வரும், அப்புறம் செலவு. வாய்க்காலில் ஆழமாக இறக்கினால் பெல்ட் அறைக்குள் தண்ணீர் போய் வழுக்கும். வண்டி வாங்கும்போதே கூடுதலாக ஒரு பெல்ட் வாங்கி வீட்டில் வைத்துவிடுங்கள்.

இதெல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டியது, வண்டிக்கு ஆர்.சி. புக் கிடைக்குமா என்பது. இந்தியாவில் ஏடிவிகள் பெரும்பாலும் சாலைக்கு அனுமதி இல்லாதவை, சொந்த நிலத்துக்குள் மட்டும் ஓட்டணும். அத்தானுக்கோ விளைக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவில் தார் ரோடு, அதில் கொஞ்ச தூரம் போய்த்தான் திரும்பணும். போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 570ஐ வேளாண் டிராக்டர் என்ற வகையில் ஒப்புதல் வாங்கிச் சாலையில் ஓட்டுகிற மாதிரி இங்கே கொண்டுவந்தார்கள், திறன் 34 குதிரை, அறிமுக விலை 7.99 லட்சம். கவனியுங்கள், டிராக்டர் என்ற பெயரில் அந்தக் கதவு திறந்தது சுமை இழுக்கிற வண்டிக்குத்தான். நாங்கள் விசாரித்த ஒரு விற்பனைக்காரர் ஸ்போர்ட்ஸ் வண்டியைக் காட்டி "கிராமத்துல யாரு சார் கேக்கப் போறா" என்றார். ரோட்டில் ஒரு ஆள் மேல் இடித்துவிட்டால் இன்சூரன்ஸ் இல்லாமல் என்ன செய்வது என்று கேட்டோம், டீ சொல்லட்டுமா என்றார். எழுந்து வந்துவிட்டோம்.

நியாயமாக ஒரு எதிர்க்கேள்வி உண்டு. எட்டு லட்சத்துக்குள் 24 குதிரைத்திறன் மினி டிராக்டரே ஃபோர் வீல் டிரைவில் வந்துவிடுமே? வரும். உழவும் ரோட்டவேட்டரும்தான் முக்கிய வேலை என்றால் கண்ணை மூடிக்கொண்டு மினி டிராக்டர் வாங்குங்கள், ஏடிவி பக்கமே வராதீர்கள். பல இடத்தில் சிதறிக் கிடக்கிற நிலத்தைச் சுற்றி வந்து பார்க்க, மோட்டார் போட, மருந்து டேங்கைப் பின்னால் வைத்து அடிக்க, காய்க் கட்டை ரோட்டுக்குக் கொண்டுவர, மணலும் சேறும் நடுவில் குறுக்கே வர, அந்த மாதிரி ஆளுக்குத்தான் ஏடிவி. எல்லாருக்கும் இல்லை.

பராமரிப்பில் இரண்டு ரகத்துக்கும் ஒரே எதிரி, செம்மண் தூசி. தேரிப் பக்கம் ஓட்டினால் ஏர் ஃபில்டரை அடிக்கடி கழற்றிப் பாருங்கள், புத்தகத்தில் போட்டிருக்கிற இடைவெளி நம்ம தூசிக்கு எழுதினது இல்லை. ரேடியேட்டரில் சேறு காய்ந்து அடைத்தால் தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவுங்கள், வாட்டர் சர்வீஸ் கடைக்காரர் அடிக்கிற அழுத்தத்தில் அடித்தால் ரேடியேட்டர் தகடு மடங்கிவிடும். அப்புறம் உடை முள், கருவேல முள். டியூப் இல்லாத டயர்தான், ஆனால் காற்றுக் குறைவாக வைத்து ஓட்டுவதால் முள் குத்தினது உடனே தெரியாது. பஞ்சர் ஒட்டுகிற சாமானும் கைப் பம்பும் சீட்டுக்கு அடியில் கிடக்கட்டும்.

ஒன்றைக் கோபமாகவே சொல்கிறேன். ரேக் என்பது உட்காருகிற இடம் இல்லை. நம்ம ஊரில் வண்டியில் இடம் கண்டால் மூன்று பேர் ஏறிவிடுவோம், சின்னப் பிள்ளையை முன் ரேக்கில் உட்கார வைத்து ஒரு ரவுண்டு போவோம். இந்த வண்டி பெரும்பாலும் ஒரு ஆள் ஓட்ட மட்டும் செய்தது. ஓட்டுகிறவர் உடம்பைச் சாய்த்துச் சாய்த்துத்தான் சமநிலை பார்க்கணும், பின்னால் ஆள் இருந்தால் அது முடியாது. கவிழ்ந்தால் சுமார் 325 கிலோ மேலே வரும், ஸ்போர்ட்ஸ் பெரிய ரகம் அதைவிடக் கனம். பதினாறு வயதுக்குக் கீழே இருப்பவர் ஓட்டக்கூடாது என்று வண்டியிலேயே ஒட்டியிருக்கிறான், அந்த ஸ்டிக்கரைக் கிழிப்பதுதான் பலர் செய்கிற முதல் வேலை.

ஸ்போர்ட்ஸ் யாருக்கு? ரிசார்ட் வைத்திருப்பவர், நிலத்துக்குள்ளேயே பெரிய மணல் வெளி உள்ளவர், ரோட்டில் இறங்கவே வேண்டாதவர், பராமரிக்கப் பொறுமையும் காசும் உள்ளவர். அவர்களுக்கு நான் யூட்டிலிட்டி சொல்ல மாட்டேன், போரடிக்கும்.

அத்தான் யூட்டிலிட்டிக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. மருமகன் இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் அதற்கு மணல் டயர் எங்கே கிடைக்கும் என்று தேட ஆரம்பித்துவிட்டான். டிரெய்லருக்கு வள்ளியூரில் ஒரு பட்டறையில் சொல்லியிருக்கிறோம். வண்டி வந்து ஹிட்ச் (டிரெய்லர் மாட்டுகிற இணைப்பு) அளவு எடுத்த பிறகுதான் கம்பியே வெட்டுவேன் என்கிறார் அந்த அண்ணாச்சி.