சிலைகளுக்கு எதற்கு ஆட்டோஃபோகஸ்? நான்கு பழைய டெலிஃபோட்டோ லென்ஸ்கள்

கங்கைகொண்ட சோழபுரத்தில் வடக்கு வாயில் படிகளை ஒட்டி அமர்ந்திருக்கும் சண்டேச அனுக்கிரக மூர்த்தி, ராஜேந்திர சோழன் காலத்திலிருந்து இடத்தைவிட்டு நகரவில்லை. நான் ஃபோகஸ் செய்து முடிக்கும்வரையிலும் நகர மாட்டார். பறவைகளையும் கிரிக்கெட்டையும் படமெடுப்பவர்களுக்கு தொலைவில் இருப்பதைக் கிட்டே காட்டும் டெலிஃபோட்டோ லென்ஸ், அதுவும் விலை உயர்ந்த ஆட்டோஃபோகஸ் வகை, தேவைதான்; அதில் எனக்கு வாதம் இல்லை. கும்பகோணத்தில் குடியிருந்துகொண்டு, விடுமுறை நாட்களில் சோழர் கோயில்களையும், மற்ற நாட்களில் பொறுமை உள்ள உறவினர்களையும் படமெடுக்கும் எனக்கு அந்தச் செலவு வீண்.

ஆகவே பழைய லென்ஸ்கள். இப்போது என் பையில் இருப்பவை நான்கு: நிக்கான் நிக்கோர் 105 மி.மீ. எஃப்/2.5, கார்ல் ஜெய்ஸ் ஜேனா சோனார் 135 மி.மீ. எஃப்/3.5, சோவியத் ஜூப்பிட்டர்-37ஏ 135 மி.மீ. எஃப்/3.5, நிக்கோர் 200 மி.மீ. எஃப்/4. (எஃப் எண் என்பது ஒளி புகும் துளையின் அளவு; எண் சிறிதானால் துளை பெரிது.) நான்கையும் ஃபுல்ஃபிரேம் மிரர்லெஸ் கேமரா ஒன்றில் அடாப்டர் வைத்துப் பயன்படுத்துகிறேன்.

இணையத்தில் இந்த லென்ஸ்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் கூர்மையைப் பேசுவார்கள், அடுத்து பின்புல மங்கலை. நான் முதலில் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பிப் பார்ப்பேன். கையால் ஃபோகஸ் செய்யும் டெலிஃபோட்டோவில் படத்தின் கூர்மையைத் தீர்மானிப்பது பாதி கண்ணாடி என்றால் மீதி அந்த வளையம். 105 மி.மீ. லென்ஸில் எஃப்/2.5 வைத்து ஒரு மீட்டர் தூரத்தில் முகத்தை எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான். இமை தெளிந்தால் மூக்கு நுனி மங்கிவிடும். அந்த ஒரு சென்டிமீட்டரில் வளையம் கொஞ்சம் இறுகியிருந்தாலும், தளர்ந்து ஆடினாலும், உலகின் எந்தக் கண்ணாடியும் காப்பாற்றாது. பழைய லென்ஸ்களில் கிரீஸ் காய்ந்து இறுகிப்போவது சாதாரணம். நம் ஊர் வெயிலில் அதே கிரீஸிலிருந்து எண்ணெய் பிரிந்து துளையைச் சுருக்கி விரிக்கும் அபெர்ச்சர் தகடுகளில் ஒட்டிக்கொள்வதும் சாதாரணம்.

இந்தக் கணக்கில் 105 எஃப்/2.5 தனி வகை. நிக்கான் இதை 1954இல் தன் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களுக்காகக் கொண்டுவந்தது. 1959இல் நிக்கான் எஃப் வந்தபோது அதற்கும் மாற்றியது. முதலில் சோனார் வகை அமைப்பு (அதன் கதை பின்னால் வருகிறது). 1971இல் உள்ளிருக்கும் கண்ணாடிகளின் அமைப்பையே மாற்றி, கிட்டத்திலிருந்து எடுக்கும் படங்களின் தரத்தை உயர்த்தினார்கள். என்னிடம் இருப்பது 1981க்குப் பிறகு வந்த ஏஐ-எஸ் வகை. ஐந்து கண்ணாடிகள், 435 கிராம், பக்கவாட்டு வெளிச்சத்தை மறைக்க வெளியே இழுத்துக்கொள்ளும் ஹூட். வளையம் முதல் மில்லிமீட்டரிலிருந்து கடைசி மில்லிமீட்டர்வரை ஒரே கனத்தில் நகர்கிறது. எஃப்/2.5இலேயே தயங்காமல் எடுக்கலாம். எஃப்/4க்குக் குறைத்தால் கருங்கல்லின் மணிமணியான பரப்பு தொட்டுப்பார்க்கும் அளவுக்குத் துலங்குகிறது.

விற்பனைக்கு வைப்பவர்கள் எல்லாரும் இதனுடன் ஒரு படத்தையும் ஒட்டிவிடுவார்கள். 1984இல் பெஷாவர் அருகே அகதி முகாம் ஒன்றில் ஸ்டீவ் மெக்கரி எடுத்து, 1985 ஜூன் மாத நேஷனல் ஜியாகிரஃபிக் அட்டையில் வந்த பச்சைக் கண் சிறுமியின் படம் அது. இந்த லென்ஸ் வகையில் எடுத்ததுதான், உண்மை. ஆனால் அந்தக் கண்களுக்கும், கோடாக்ரோம் ஃபிலிமுக்கும், மெக்கரிக்கும் சேர்த்து நம்மிடம் காசு கேட்பது நியாயமா? விலை பேசும்போது அந்தப் படத்தை மறந்துவிட்டு, கையில் இருக்கும் லென்ஸை மட்டும் பாருங்கள்.

எண்பதைத் தாண்டிய என் பெரியம்மாவை இதில்தான் எடுக்கிறேன். திண்ணையில் உட்கார்ந்து, "இன்னும் எவ்வளவு நேரம் அதைத் திருப்பிக்கொண்டிருப்பாய்?" என்று கேட்பார். கேட்கும் அந்த நொடியில் முகம் வரும் நிலைதான் எனக்கு வேண்டும். ஆட்டோஃபோகஸ் லென்ஸாக இருந்தால் அவர் தயாராக உட்கார்ந்து, சிரிப்பை வரவழைத்துக்கொண்டுவிடுவார்.

அடுத்து இரண்டு 135கள். இவற்றை அருகருகே வைத்துப் பார்ப்பதில் தனிச் சுவை உண்டு, ஏனென்றால் இரண்டும் ஒரே குடும்பம். சோனார் அமைப்பு லுட்விக் பெர்ட்டெலே என்ற வடிவமைப்பாளருடையது. 1930களின் தொடக்கத்தில் ஜெய்ஸ் நிறுவனத்துக்காகச் செய்தது. கண்ணாடிக்கு ஒளி எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சு இல்லாத காலம் அது. கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் ஒளி சிதறும். அதனால் கண்ணாடிகளை ஒன்றோடொன்று ஒட்டிச் சந்திப்புகளைக் குறைத்தார் பெர்ட்டெலே. போருக்குப் பிறகு ஜெய்ஸ் இரண்டாகப் பிரிந்தது. ஜேனா நகரம் கிழக்கு ஜெர்மனியில் போயிற்று. ஜெய்ஸ் வடிவமைப்புகள் சோவியத் ஒன்றியத்துக்கும் போய்ச் சேர்ந்து, அங்கே ஜூப்பிட்டர் என்ற பெயரில் வளர்ந்தன. என் மேசையில் இருக்கும் இரண்டிலும் உள்ளே நான்கு கண்ணாடிகள், மூன்று தொகுதிகள்.

ஜேனா சோனாரின் பெரிய பலம், ஒரு மீட்டர் வரை நெருங்க முடிவது. ஜூப்பிட்டர் 1.2 மீட்டரில் நின்றுவிடும். இருபது சென்டிமீட்டர்தானே என்று நினைக்கலாம். பூத்தொடுக்கும் கைகளையோ, தூணின் கீழ்ப்பகுதியில் உள்ளங்கை அளவில் செதுக்கிய நடன மாதரையோ சட்டத்தை நிறைத்து எடுக்க முயலும்போது அந்த இருபது சென்டிமீட்டரின் அருமை தெரியும். என்னுடையது பல அடுக்குப் பூச்சு உள்ள பின்னாள் வகை. வாசலில் வெயிலும் உள்ளே இருட்டுமாக இருக்கும் மண்டபத்தில் கறுப்பைக் கறுப்பாகவே காட்டுகிறது. பூச்சு குறைவான என் ஜூப்பிட்டர் அதே இடத்தில் சாம்பல் திரை ஒன்றை விரித்துவிடுகிறது. கையால் மறைத்தால் சரியாகும்; ஹூட் போட்டால் இன்னும் சரியாகும்.

ஆனால் ஜேனாவின் அபெர்ச்சரில் ஆறு தகடுகள்தான். கார்த்திகை தீபத்தன்று தெரு முழுக்க அகல் விளக்கு வரிசை. முன்னால் ஒரு சிறுமியை நிறுத்தி எஃப்/5.6இல் எடுத்தால் பின்னாலிருக்கும் சுடரெல்லாம் அறுகோணங்களாகிவிடுகின்றன. ஜூப்பிட்டரில் பன்னிரண்டு தகடுகள். எந்த அளவுக்குக் குறைத்தாலும் துளை வட்டமாகவே இருக்கிறது, சுடர்களும் வட்டமாகவே விழுகின்றன. இதற்காக மட்டுமே ஜூப்பிட்டரை வாங்கலாம் என்பேன்.

ஜூப்பிட்டரின் அபெர்ச்சர் முறை பழையது. ஒரு வளையத்தில் வேண்டிய அளவை முன்கூட்டியே வைத்துவிட்டு, இன்னொரு வளையத்தால் திறக்கவும் மூடவும் வேண்டும். ஃபிலிம் கேமராவில் இது தொல்லை. மிரர்லெஸ்ஸில் வரம்: முழுதாகத் திறந்து ஃபோகஸ் செய்து, கண்ணை எடுக்காமல் வளையத்தைத் திருப்பினால், வைத்த அளவில் தானே நின்றுவிடும். படிப்படியாகக் கட்டக்கட்டென்று சத்தமும் இல்லை. வளையத்தின் ஓட்டம் மட்டும் ஜேனாவைவிடச் சொரசொரப்பு. இயந்திரத் தொழிற்சாலையில் செய்த பொருள் என்பது கையில் எடுத்தவுடன் தெரிகிறது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

இரண்டும் எம்-42 திருகு மவுன்ட், அதாவது கேமராவில் திருகிப் பொருத்தும் வகை. இங்கே புதிதாக வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. எம்-42 லென்ஸ் சென்சாரிலிருந்து 45.46 மி.மீ. தூரத்தில் நிற்க வேண்டும். நிக்கான் எஃப் வகை கேமராவில் அந்தத் தூரம் 46.5 மி.மீ. ஆகவே நிக்கானின் பழைய டிஎஸ்எல்ஆரில் சாதாரண அடாப்டர் போட்டால் தொலைவிலுள்ள கோபுர உச்சி ஃபோகஸுக்கே வராது. கேனானின் இஎஃப் மவுன்டில் 44 மி.மீ.தான், தாராளமாகப் பொருந்தும். சோனி இ மவுன்டில் 18 மி.மீ. என்பதால் எந்தப் பழைய லென்ஸுக்கும் இடம் மிச்சம். ஜேனாவுக்கு அடாப்டர் வாங்கும்போது, லென்ஸின் பின்னால் துருத்தும் ஊசியை அழுத்திப் பிடிக்கும் விளிம்பு அதில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் சில லென்ஸ்களில் துளை திறந்தபடியே நின்றுவிடும். ஜூப்பிட்டரில் ஊசியே கிடையாது, கவலையும் கிடையாது. இன்னொன்று: நிக்கோரும் ஜேனாவும் எதிரெதிர்த் திசையில் ஃபோகஸ் ஆகும். ஒரே காலையில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டால் விரல் குழம்பும். நான் ஒரு நாளைக்கு ஒரு வகையை மட்டும் எடுத்துச் செல்கிறேன்.

கோயிலுக்கு உண்மையில் உழைப்பது 200 எஃப்/4தான். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் அறுபது மீட்டருக்கும் மேல். மேல் தளங்களின் உருவங்களைத் திருச்சுற்றிலிருந்து எட்டிப் பிடிக்க 135 போதாது. இந்த 200, 1977இன் ஏஐ வகை. எடை அரைக் கிலோவுக்குச் சற்று மேல். 105க்கு வாங்கிய 52 மி.மீ. ஃபில்டர்களே இதற்கும் பொருந்துகின்றன. வளையம் நீண்ட தூரம் சுழல்கிறது. அவசரக்காரர்களுக்கு எரிச்சலாக இருக்கும், எனக்கு அதுவே பிடித்தது. தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள கோயில்களில் முக்காலி வைக்கத் தனி அனுமதி வேண்டும். ஆகவே கையில் பிடித்துத்தான் எடுக்கிறேன். கேமராவின் உள் ஸ்டெபிலைசேஷன் உதவுகிறது. ஆனால் பழைய லென்ஸின் குவியத்தூரம் (105, 135, 200 என்ற அந்த மி.மீ. எண்) கேமராவுக்குத் தானாகத் தெரியாது. ஒவ்வொரு முறை லென்ஸ் மாற்றும்போதும் மெனுவில் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

குறை என்ன என்றால், வெளுத்த வானத்துக்கு எதிரே கல்லின் விளிம்பில் ஊதா நிறம் படிகிறது. எஃப்/8க்குக் குறைத்தால் தணியும், முற்றிலும் போகாது. பத்து மணிக்குப் பிறகு லென்ஸைக் குறை சொல்லிப் பயனும் இல்லை. சுட்டுக்கிடக்கும் கல்தளத்திலிருந்து எழும் வெப்பக்காற்று தொலைவிலுள்ள உருவங்களை அலைய வைத்துவிடும். அந்நேரத்துக்கு வெறுங்காலும் தாங்காது.

வாங்கும் முறை பற்றி ஒன்று. நான் முதலில் வாங்க நினைத்த 200ஐ விற்றவர், "கண்ணாடி பளிங்குபோல இருக்கிறது, சார்" என்று சத்தியம் செய்தார். பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். சிலந்தி வலை விரித்ததுபோலப் பூஞ்சை. "அது படத்தில் தெரியாது, சார்" என்றார் அடுத்த நொடியே. மெல்லிய பூஞ்சை சில சமயம் படத்தில் தெரியாது என்பது சரிதான். வெயிலுக்கு எதிரே எடுக்கும்போது தெரியும், பூச்சை அரித்துவிட்டால் துடைத்தாலும் போகாது. வேறொருவரிடம் வாங்கினேன். ஐப்பசி கார்த்திகை ஈரத்துக்கு இந்த லென்ஸ்களைத் தோல் உறையில் போட்டு அலமாரியில் பூட்டாதீர்கள். காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். வசதி இருந்தால் ஈரப்பதத்தை ஐம்பது சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்கும் டிரை கேபினெட்.

ஊதா விளிம்புக்கு நிக்கானே விடை வைத்திருக்கிறது: 1981இல் வந்த 180 மி.மீ. எஃப்/2.8 ஏஐ-எஸ், குறைந்த நிறப்பிரிகை கொண்ட, ஈடி (ED) எனப்படும் கண்ணாடியுடன். நண்பர் ஒருவரிடம் ஒரு காலைக்குக் கடன் வாங்கினேன். அதே விமானம், அதே வெளுத்த வானம். விளிம்புகள் சுத்தமாக இருந்தன, எஃப்/2.8இலேயே. எடை சுமார் 800 கிராம், ஃபில்டர் 72 மி.மீ., விலையும் 200இன் விலையைப் பல மடங்கு தாண்டும். கழுத்தைப் பின்னுக்குச் சாய்த்து அதை உயர்த்திப் பிடித்தபோது மணிக்கட்டு கொஞ்ச நேரத்திலேயே நடுங்கத் தொடங்கியது. மத்தியானம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கம்ப்யூட்டரில் ஊதா நிறத்தை நீக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.