கப்பல் கால்வாய் ஆய்வு: பாதிப் பணம் போடுவதா, முழுப் பணமும் போடுவதா?

அமெரிக்காவில் ஒரு கவுண்டியோ (நம் மாவட்டம் போன்ற உள்ளூர் நிர்வாகம்) துறைமுக ஆணையமோ தன் கப்பல் கால்வாயை இன்னும் சில அடி ஆழமாக்க நினைத்தால், தூர்வாரும் கப்பல் வருவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே ஒரு பெரிய செலவு வந்துவிடும். எத்தனை அடி தோண்டினால் லாபம், ஆற்றுக்கு என்ன ஆகும், வாரிய மண்ணை எங்கே கொட்டுவது என்று பார்க்கும் சாத்தியக்கூறு ஆய்வுதான் அது. இதற்கு உள்ளூர் அரசு எப்படிப் பணம் போடலாம் என்பதற்கு 1986-ஆம் வருட நீர்வள மேம்பாட்டுச் சட்டம் இரண்டு வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது.

முதல் வழி: கப்பல் கால்வாய்களைக் கவனிக்கும் மத்திய அமைப்பான ராணுவப் பொறியாளர் படை ஆய்வு செய்யும், செலவில் உள்ளூர் பங்கு பாதி. இரண்டாவது, அதே சட்டத்தின் 203-ஆம் பிரிவு. துறைமுகமே தன் பணத்தில், தன் ஆலோசகர்களை வைத்து ஆய்வை முடித்து ராணுவத் துறையிடம் சமர்ப்பிக்கலாம். பிறகு நாடாளுமன்றம் திட்டத்தை அங்கீகரித்தால், மத்திய அரசு போட்டிருக்க வேண்டிய பாதி, கட்டுமானத்தில் துறைமுகம் கட்ட வேண்டிய பங்கில் கழித்துக்கொள்ளப்படும். திட்டம் தேறவில்லை என்றால்? போட்ட பணம் போனதுதான்.

மேலோட்டமாகப் பார்த்தால் 203 வேகமான வழி. மத்திய அரசின் பாதிக்கு நாடாளுமன்றம் நிதி ஒதுக்கும்வரை வருடா வருடம் காத்திருக்க வேண்டாம். லூசியானாவின் பிளாக்கமின்ஸ் பாரிஷ் (அங்கே கவுண்டிக்கு அதுதான் பெயர்) அரசு, பாப்டிஸ்ட் கொலெட் கால்வாய்க்கு இந்த வழியில்தான் போனது. ஆனால் வேகம் என்பது எதுவரை என்று கேட்க வேண்டும். அதற்கு, ஒன்றுக்கொன்று நூறு மைல் தூரத்துக்குள் இருக்கும் இரண்டு போட்டித் துறைமுகங்களை வைத்துப் பார்ப்பதே நல்லது.

ஜார்ஜியாவின் சவானா 203-ஐப் பிடித்தது. துறைமுக ஆணையமே ஆய்வை நடத்தி 1998-இல் அறிக்கை கொடுத்தது, அடுத்த வருடமே, 1999-இல், நாடாளுமன்றத்தின் அங்கீகாரமும் கிடைத்தது. அசுர வேகம்தான். ஆனால் அந்த அங்கீகாரத்தில் ஒரு கொக்கி இருந்தது. மீன்வளம், சுற்றுச்சூழல் முதலியவற்றைப் பார்க்கும் மத்திய அமைப்புகளும் ஒப்புக்கொண்டால்தான் வேலை தொடங்கலாம். அதாவது கடினமான கேள்விகளுக்கு முதல் ஆய்வில் பதில் இல்லை, அவை தள்ளிப்போடப்பட்டன. பதில் தேட இன்னொரு நீண்ட ஆய்வு நடந்தது. அது முடிந்தது 2012-இல்.

அந்தக் கேள்விகள் என்ன மாதிரியானவை? ஆற்றை ஆழப்படுத்தினால் கடலின் உப்புநீர் இன்னும் உள்ளே ஏறும், அடி ஆழத்து நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும், மீன் தாங்காது. அதனால் சவானா ஆற்றங்கரையில் பிரம்மாண்டமான கூம்புகளை நிறுத்தி, ஆற்று நீரை அவற்றுக்குள் இழுத்து, ஆக்சிஜனைக் கரைத்துத் திரும்ப ஆற்றில் விடுகிறார்கள். பக்கத்து மாநிலமான தென் கரோலினா பக்கத்திலிருந்து தொடுத்த வழக்கு 2013-இல் சமரசத்தில் முடிந்தபோது, இந்த ஏற்பாடு வேலை செய்கிறது என்று முதலில் நிரூபிக்க வேண்டும் என்பதும் நிபந்தனையானது. போதாததற்கு, உள்நாட்டுப் போரில் மூழ்கிய ‘சிஎஸ்எஸ் ஜார்ஜியா’ என்ற இரும்புக் கவசக் கப்பல் கால்வாய் ஓரம் கிடந்தது. அதையும் தூக்கி எடுக்க வேண்டியிருந்தது. 42 அடியிலிருந்து 47 அடிக்குப் போகும் வேலை 2022 மார்ச்சில் முடிந்தது. 2012-இல் 652 மில்லியன் டாலர் என்று சொன்ன செலவு 973 மில்லியனில் வந்து நின்றது.

தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் முதல் வழியில் போனது. பொறியாளர் படையோடு 2011-இல் ஆய்வு தொடங்கியது, 2015-இல் படைத் தலைவரின் அறிக்கை வந்தது, 2016-இல் அங்கீகாரம். அந்த 2022-ஆம் வருடமே டிசம்பரில் 52 அடி ஆழம் தயார். பின்னால் கிளம்பியவர் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வந்து சேர்ந்துவிட்டார். சவானா வாங்கிய அடிகளைப் பார்த்துப் பாடம் படிக்கும் வாய்ப்பு சார்ல்ஸ்டனுக்கு இருந்தது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

உடனே முதல் வழிதான் சரி என்று கட்சி கட்டிவிட முடியாது. புளோரிடாவில் ப்ரோவர்ட் கவுண்டிக்குச் சொந்தமான போர்ட் எவர்க்ளேட்ஸ், படையோடு சேர்ந்து செய்த ஆய்வுக்கு 18 வருடம் காத்திருந்தது. அறிக்கை 2015-இல் வந்தும் நிம்மதி இல்லை. பக்கத்து மயாமி துறைமுகத்தைத் தூர்வாரியபோது கிளம்பிய வண்டல் பவளப்பாறைகளை மூடிவிட்டதைக் காட்டி வழக்குப் போட்டார்கள், சுற்றுச்சூழல் பகுதியை மறுபடி பார்க்க வேண்டி வந்தது. இந்த இழுவையைத் தடுக்கத்தான் 2014 சட்டம், ஆய்வை 3 வருடத்தில், 30 லட்சம் டாலருக்குள் முடி என்று கெடு வைத்தது. பெரிய துறைமுகங்களுக்கு அதில் விலக்கு வாங்க வழி உண்டு என்பது வேறு விஷயம்.

எழுதுகிற பேனா யார் கையில் என்பதும் முக்கியம். டெலவேர் ஆற்றை 40 அடியிலிருந்து 45 அடிக்கு ஆழப்படுத்துவதால் வருடத்துக்கு 40 மில்லியன் டாலர் பலன் என்று படை கணக்குக் காட்டியது. மத்தியத் தணிக்கை அலுவலகம் 2002-இல் பார்த்துவிட்டு, 13 மில்லியனுக்குத்தான் ஆதாரம் இருக்கிறது என்றது. படையின் கணக்குக்கே இந்தக் கதி என்றால், தோண்டியே ஆக வேண்டும் என்று துடிக்கும் துறைமுகம் தானே எழுதும் ஆய்வை எதிர்த்தரப்பு எப்படிக் குடைந்து பார்க்கும்!

கவுன்சில் கூட்டங்களில் ஆய்வுச் செலவைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள், ஆனால் அந்த ஆய்வு பரிந்துரைக்கப் போகும் ஆழம்தான் பின்னால் வரும் பில்லை முடிவு செய்யும். 2016-இல் வந்த விதிப்படி, 20 முதல் 50 அடிவரை கட்டுமானத்தில் உள்ளூர் பங்கு 25 சதவீதம். 50-ஐத் தாண்டிய பகுதிக்கு 50 சதவீதம். எல்லாவற்றுக்கும் மேல் இன்னொரு 10 சதவீதம், 30 வருடத் தவணையில். அதற்கு முன் இந்தக் கோடு 45 அடியில் இருந்தது, 2025 தொடக்கத்தில் 55 அடிக்கு நகர்ந்துவிட்டது. மத்திய அரசின் கணக்குக்கு எது சிறந்த ஆழமோ அதைவிட அதிகம் வேண்டும் என்று உள்ளூர் கேட்டால், கூடுதல் செலவு மொத்தமும் கேட்டவர் தலையில். சார்ல்ஸ்டனின் 52 அடி அப்படிக் கேட்டு வாங்கியதுதான். தென் கரோலினா 2012-லேயே, ஆய்வு முடியும் முன்பே, 300 மில்லியன் டாலரைத் தனியே எடுத்து வைத்திருந்ததால் அந்த ஆசை கட்டுப்படியானது. அவ்வளவு பணம் காத்திருக்கும்போது ‘வேண்டாம்’ என்று ஓர் ஆய்வு சொல்லுமா என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

என்னைக் கேட்டால், ஆறும் சதுப்பு நிலமும் பவளமும் சம்பந்தப்பட்ட பெரிய கால்வாய்க்குப் படையோடு பாதிப் பாதிதான். எதிர்ப்பு அதிகம் இல்லாத, ஆழம் குறைந்த, ஓரிரு தொழில்களை நம்பியிருக்கும் கால்வாய்க்கு 203 பொருந்தும், அதுவும் முழுப் பணமும் போனால் தாங்கக்கூடிய உள்ளூர் அரசாக இருந்தால். பாதிப் பங்கையும் ரொக்கமாகவே கொடுக்க வேண்டும் என்றில்லை. ஆழ அளவீடு, மண் மாதிரி போன்ற வேலைகளைச் செய்து கொடுத்தும் ஈடுகட்டலாம். அதைப் படையோடு செய்யும் ஆய்வு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போதே பேசி எழுதிக்கொள்ள வேண்டும்.