சுவான்சோ போகிறீர்களா? கேன்சல் பட்டனை மட்டும் நீங்கள் அழுத்தாதீர்கள்

முதலில் ஒன்று. இது குவாங்சோ இல்லை. நம் வியாபாரிகள் சரக்கெடுக்கப் போகும் குவாங்சோ வேறு. நான் சொல்லும் சுவான்சோ சீனாவில் ஃபூஜியான் மாகாணத்துக் கடலோர ஊர். டிக்கெட் போடும்போது குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அங்கே நமக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த ஊர் அது. கையுவான் புத்தர் கோயிலின் பெரிய மண்டபத்துக்குப் பின்னால், அழிந்துபோன இந்துக் கோயில் ஒன்றின் தூண்கள் இரண்டு நிற்கின்றன. நரசிம்மர்கூட இருக்கிறார். அவற்றைப் பார்க்கத்தான் போனேன். பார்த்தும்விட்டேன். முந்தின ராத்திரி பட்ட பாட்டைத்தான் சொல்ல வந்தேன்.

கோயிலுக்கு நடக்கும் தூரத்தில் ஒரு சின்ன விடுதி. இரண்டு ராத்திரிக்கு 318 யுவான், அறை பதிவு செய்யும் செயலியிலேயே கட்டியாயிற்று. போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. வரவேற்பில் இருந்த பெண் என் பாஸ்போர்ட்டை வாங்கி அடையாள அட்டை படிக்கும் கருவிமேல் வைத்தாள். திருப்பி வைத்தாள். துடைத்தும் வைத்துப் பார்த்தாள். அது சீன அடையாள அட்டைக்கான கருவி, என் பாஸ்போர்ட்டை எங்கே படிக்கும்? கடைசியில் போனில் மொழிபெயர்த்துக் காட்டினாள்: வெளிநாட்டவரைத் தங்கவைக்க எங்களுக்குத் தகுதி இல்லை.

அப்படிச் சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது என்று சீன அரசு 2024-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் சின்ன ஊர்களில் பல விடுதிகளுக்கு போலீஸ் பதிவில் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டை எப்படி ஏற்றுவது என்றே தெரிவதில்லை. அதுவரைக்கும் அந்தப் பெண்மேல் எனக்குக் கோபமில்லை. அடுத்து அவள் காட்டிய வரிதான் வினை: "நீங்களே ரத்து செய்துவிடுங்கள், பணம் வந்துவிடும்." களைப்பில் நானும் அழுத்தினேன். கடைசி நேரத்தில் வாடிக்கையாளரே ரத்து செய்தால் பணம் திரும்பாது என்று அந்தச் செயலியில் விதி இருப்பதை வெளியே வந்த பிறகுதான் படித்தேன்.

நீங்கள் அழுத்தாதீர்கள். அங்கேயே நின்றுகொண்டு செயலியின் சேவை மையத்தைக் கூப்பிடுங்கள், ரத்து விடுதியின் பெயரில் நடக்கட்டும். அவள் காட்டிய மொழிபெயர்ப்பையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ரொம்ப முரண்டு பிடித்தால் போலீஸ் எண் 110-ஐக் கூப்பிடுங்கள். போலீஸ் என்றதுமே பல இடங்களில் அறை கிடைத்துவிடும் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதைவிட நல்லது, புறப்படும் முன்பே விடுதிக்குச் செய்தி அனுப்பி, "இந்தியப் பாஸ்போர்ட், சரியா?" என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குவது.

வாசலில் ஒருவர் கார் வைத்துக்கொண்டு நின்றார். டாக்ஸி போர்டு இல்லை, மீட்டர் இல்லை. "ஹோட்டல், ஹோட்டல்" என்றார். ஆறு கிலோமீட்டர் தள்ளி ஒரு பெரிய ஹோட்டலில் இறக்கிவிட்டு 120 யுவான் கேட்டார். பணம் கட்டும் செயலியான அலிபேயைத் திறந்து அவருடைய கியூஆரை ஸ்கேன் செய்தேன், பணம் போகவில்லை. வெளிநாட்டு கார்டை இணைத்த அலிபே கடைகளில் ஓடும், தனி ஆளுடைய கியூஆருக்குப் பெரும்பாலும் போகாது. கையில் இருந்தவை இரண்டு நூறு யுவான் தாள்கள். சில்லறை இல்லை என்று இரண்டையும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். மறுநாள் காலை அதே தூரம் டிடி என்ற டாக்ஸி செயலியில் 19 யுவான். அலிபேக்குள்ளேயே டிடி இருக்கிறது, ஆங்கிலத்திலும் ஓடும். பத்து, இருபது தாள்களும் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹோட்டலில் அறை 480. வலித்தது, ஆனால் பாஸ்போர்ட்டை நகலெடுத்துப் போலீஸ் பதிவும் செய்தார்கள். பதிவே வேண்டாம், சும்மா தங்குங்கள் என்று யாராவது சொன்னால் அங்கே தங்காதீர்கள். ஹோட்டல் அல்லாத இடமென்றால் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் பதிய வேண்டும், அது உங்கள் தலையில்தான் விடியும்.

இன்னொரு விஷயம், நம் ஊர் சிம்மின் ரோமிங்கில் வாட்ஸப் வேலை செய்தது; ஹோட்டல் வைஃபையில் செய்யவில்லை. மொழிபெயர்ப்புச் செயலியில் சீன மொழியை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். விடுதி முகவரியைச் சீன எழுத்தில் வைத்திருங்கள், ஆங்கிலத்தில் காட்டினால் யாருக்கும் புரியாது.

ஊர் திரும்பி மூன்று வாரம் செயலிக்காரர்களுடன் மல்லுக்கட்டியதில் 159 யுவான் வந்தது. கார்க்காரர்மேல் புகார் கொடுக்கலாம் என்றார்கள். வண்டி நம்பர் கேட்டார்கள். நான் குறித்துக்கொள்ளவில்லை.