உங்களுடையதல்லாத கடனுக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்: பெயர்க் குழப்பத்தால் நான் பட்ட பாடு

திண்டுக்கல்லில் ஒரு பழைய வீட்டை வாங்குவதற்காக 2025 ஜனவரி முதல் வாரத்தில் இரண்டு லட்சம் ரூபாய் முன்பணம் கொடுத்து, மூன்று மாதக் கெடு வைத்துக் கிரய ஒப்பந்தம் எழுதினேன். பத்தே நாளில் வங்கி என் வீட்டுக்கடன் விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டது. 300-இல் தொடங்கி 900-இல் முடியும் கடன் மதிப்பெண்ணில் பெரும்பாலான வங்கிகள் 750-ஐ ஒட்டி எதிர்பார்க்கும் நிலையில், எனக்கு இருந்தது 548. வாங்கிய தவணைக் கடன்களை ஒருநாள்கூடத் தாமதிக்காமல் கட்டி முடித்தவன் என்பதால், அந்த எண்ணை நான் முதலில் நம்பவே இல்லை.

அன்றிரவே என் கடன் அறிக்கையைப் பதிவிறக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு கடனுக்கும் கீழே மாதத்துக்கு ஒரு கட்டமாகத் தவணை வரலாறு இருக்கும். உரிய தேதியில் கட்டியிருந்தால் கட்டத்துக்குள் 000 என்று வரும். என் கடன்கள் எல்லாவற்றிலும் அப்படித்தான் இருந்தது. கடைசியில் இருந்த ஒரு கணக்கில் மட்டும் நான்கு பூஜ்ஜியக் கட்டங்களுக்குப் பிறகு 028, 059, 089, 120 என்று தாமத நாட்கள் ஏறிக்கொண்டே போய், இறுதியில் அது வாராக் கடனாக எழுதித் தள்ளப்பட்டிருந்தது. 2021-இல் வழங்கப்பட்ட இருசக்கர வாகனக் கடன். நிலுவை 41,300 ரூபாய். என்னிடம் இருப்பதோ 2011-இல் ரொக்கம் கொடுத்து வாங்கிய ஒரே ஒரு ஸ்கூட்டர். அறிக்கையை என் தோளுக்கு மேலாகப் படித்த என் மனைவி, “யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டீர்களா?” என்று மெதுவாகக் கேட்டதை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. செய்யாத ஒன்றைச் செய்யவில்லை என்று சொந்த வீட்டிலேயே விளக்க வேண்டியிருந்தது.

எப்படி நடந்தது என்பது மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது என்றாலும், இதே நிலை வேறு பலருக்கும் நேரக்கூடும் என்பதால் அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் பெயர் ஊருக்குப் பத்துப் பேருக்காவது இருக்கும் பெயர். குடும்பப் பெயர் நமக்குக் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்துத்தான் நம்மைப் பிரித்துக் காட்டுகிறது. அந்த எழுத்தோ சுப்பிரமணியனுக்கும் எஸ், சண்முகத்துக்கும் எஸ், செல்வராஜுக்கும் எஸ்தான். பிறந்த தேதியாவது காப்பாற்றும் என்றால், ஜூனில் பள்ளி திறக்கும்போது ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதற்காகத் தலைமையாசிரியர்கள் மே, ஜூன் மாதத் தேதிகளைப் போட்டுச் சேர்த்துக்கொண்ட தலைமுறை எங்களுடையது. வேடசந்தூர் பக்கத்தில் வசிக்கும் இன்னொருவருக்கும் அதே பெயர், அதே தலைப்பெழுத்து, சான்றிதழில் அதே 5-6-1983.

2016-இல் நான் சலவை இயந்திரம் ஒன்றைத் தவணையில் வாங்கி, முழுவதும் கட்டி முடித்த நிதி நிறுவனத்தில்தான் அவரும் 2021-இல் வண்டிக் கடன் வாங்கியிருக்கிறார். அவரிடம் பான் அட்டை இல்லாததால், அதற்குப் பதிலாகத் தரும் உறுதிமொழியான படிவம் 60 கொடுத்திருக்கிறார். பெயரும் தேதியும் ஒத்துப்போனதால், அந்த நிறுவனத்தின் கணினி அவரைப் புதிய வாடிக்கையாளராகப் பதியாமல் என்னுடைய பழைய வாடிக்கையாளர் எண்ணோடு சேர்த்துவிட்டது. படத்தையோ கையெழுத்தையோ எடுத்து ஒருவரும் ஒப்பிடவில்லை. அதன்பின் அவருடைய ஒவ்வொரு தாமதமும் என் பான் எண்ணைச் சுமந்துகொண்டு, நம் கடன் வரலாற்றைத் தொகுத்து அறிக்கையும் மதிப்பெண்ணும் தரும் கடன் தகவல் நிறுவனங்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

இது எதுவும் தெரியாத அந்த ஜனவரியில் நான் செய்த முதல் தவறு, கடன் மதிப்பெண்ணைச் சரிசெய்து தருவதாகச் சொன்ன ஒரு தரகரிடம் 6,000 ரூபாய் கொடுத்தது. என் கைபேசிக்கு வந்த ஓடிபியை வாங்கி, கடன் தகவல் நிறுவனத்தின் தளத்தில் என் கணக்குக்குள் நுழைந்த அவர், ‘நிலுவைத் தொகை தவறு’ என்ற பிரிவில் முறையீடு பதிந்தார். கடன் என்னுடையதுதான், தொகையில் மட்டுமே பிழை என்று நானே ஒப்புக்கொண்டதைப் போல அது ஆகிவிட்டது. முறையீடு தள்ளுபடியானதும், பாதித் தொகையைக் கட்டிக் கணக்கை முடித்துவிடலாம், தடையில்லாச் சான்று வாங்கித் தருகிறேன் என்றார். நிதி நிறுவனத்தின் வசூல் பிரிவிலிருந்து அழைத்தவரும் அதே சொற்களைச் சொன்னார். கிரயக் கெடு நெருங்கிக்கொண்டிருந்ததால், இருபதாயிரத்தை விட்டெறிந்துவிட்டு வீட்டைக் காப்பாற்றிக்கொள்ளலாமா என்று இரண்டு நாள் நான் தடுமாறியது உண்மை.

வங்கியில் பணியாற்றி ஓய்வுபெற்ற என் சித்தப்பா தடுத்திருக்காவிட்டால் கட்டியிருப்பேன். ‘கட்டினால் அது உன் கடன் என்று நீயே எழுதிக் கொடுத்த மாதிரி. முழுதாகக் கட்டாமல் பேசி முடித்த கடன் என்று சொல்லும் செட்டில்டு என்ற முத்திரை உன் அறிக்கையில் நின்றுவிடும், வீட்டுக்கடன் கொடுப்பவன் அதைப் பார்த்தாலும் கொடுக்க மாட்டான்’ என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. இரக்கப்பட்டோ அவசரப்பட்டோ பயந்தோ, உங்களுடையதல்லாத கடனுக்குத் தயவுசெய்து ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

பிப்ரவரி 3 அன்று ‘இந்தக் கணக்கு என்னுடையதல்ல’ என்ற பிரிவில் நானே முறையீடு செய்தேன். பத்தொன்பதாம் நாள் வந்த பதில், கடன் கொடுத்த நிறுவனம் தகவல் சரியானதே என்று உறுதிசெய்துவிட்டதாகக் கூறியது. கடன் தகவல் நிறுவனங்கள் தாமாக எதையும் திருத்துவதில்லை. கடன் கொடுத்தவரிடம் கேட்டு, அவர் சொல்வதையே பதிகின்றன. அந்த நிதி நிறுவனத்தின் ஊழியரோ, அறிக்கையில் உள்ள பான் எண்ணும் தங்கள் கணினியில் உள்ள பான் எண்ணும் ஒன்றா என்று மட்டும் பார்த்திருக்கிறார். இரண்டிலும் ஒரே தவறு இருந்ததால் இரண்டும் ஒத்துத்தானே போகும்!

எனவே பிப்ரவரி 24 அன்று அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்குப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் ஒரே கடிதத்தை அனுப்பினேன். நான் அப்பாவி என்பதற்கான விளக்கங்களை அதில் அடுக்கவில்லை. இது என் கடன் என்றால், கடன் வாங்கியவன் என்ற முறையில் எனக்குத் தர வேண்டிய ஒப்பந்த நகலையும், அதில் உள்ள புகைப்படம், கையெழுத்து, வண்டியின் பதிவெண் ஆகியவற்றையும் தாருங்கள். தர இயலாது என்றால், இது என் கடன் அல்ல என்று எழுதித் தாருங்கள் என்று மட்டும் கேட்டிருந்தேன். முப்பது நாள் பதிலே இல்லை. மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கியின் 2021-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தின் கீழ் இணையத்தில் புகார் அளித்தேன். கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் தேவையில்லை. நிதி நிறுவனத்துக்கு முதலில் எழுதி முப்பது நாள் காத்திருந்ததற்கான சான்று மட்டும் வேண்டும். அதற்குப் பதிவுத் தபாலின் ரசீது உதவியது. 2022 செப்டம்பர் முதல் கடன் தகவல் நிறுவனங்களும் இத்திட்டத்துக்குள் வந்துவிட்டன என்பதையும் பலர் அறிந்திருப்பதில்லை.

ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் நிதி நிறுவனத்தார் தங்கள் கிளைக்கு வரும்படி அழைத்தார்கள். கோப்பைத் திறந்த அலுவலர், புகைப்படத்தையும் என் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுக் கோப்பை மூடினார். படத்தில் இருந்தவர் தாடி வைத்த, ஒடிசலான ஒரு மனிதர். தமிழில் நிதானமாக எழுத்துக் கூட்டிக் கையெழுத்திட்டிருந்தார். நான் ஆங்கிலத்தில் ஒரே இழுப்பில் போடுபவன். ஒரு நிமிடத்தில் முடியும் இந்த ஒப்பீட்டைச் செய்யவைக்க எனக்கு இரண்டு மாதங்களுக்கு மேல் ஆனது. அந்த மனிதர் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. தம் கடன் என் தலையில் ஏறியது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

ஏப்ரல் 21 அன்று அந்தக் கணக்கு என் அறிக்கையிலிருந்து நீக்கப்பட்டது. 2005-ஆம் ஆண்டு கடன் தகவல் நிறுவனங்கள் சட்டப்படி திருத்தத்துக்கு முப்பது நாள்தான் கெடு. ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் பிறப்பித்து 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த உத்தரவின்படி, அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. பிப்ரவரி 3 அன்று நானே செய்த முறையீட்டின் தேதியிலிருந்து கணக்கிட்டு, தாமதமான 47 நாட்களுக்கு 4,700 ரூபாய் வந்தது. ஆனால் வீட்டின் கெடு முடிந்திருந்தது. விற்பவர் முன்பணத்தில் ஐம்பதாயிரத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார். அந்த வீட்டில் இப்போது வேறொரு குடும்பம் இருக்கிறது.

ஒரு விஷயத்தில் நான் தாமதித்ததையும் சொல்ல வேண்டும். பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் நாம் சிபில் என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று நான்கு நிறுவனங்கள் தனித்தனியாகப் பதிவுகள் வைத்திருக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை நான்கிலிருந்தும் முழு அறிக்கையை இலவசமாகப் பெற 2017 முதல் நமக்கு உரிமை உண்டு. ஒன்றில் திருத்தியதோடு நான் ஓய்ந்துவிட்டேன். ஆறு மாதம் கழித்து மற்ற மூன்றையும் எடுத்துப் பார்த்தபோது, கடன் கணக்கு எதிலும் இல்லை. ஆனால் ஓர் அறிக்கையில், முகவரிகள் இருக்கும் பகுதியில், வேடசந்தூர் முகவரியும் எனக்குத் தெரியாத ஒரு வாக்காளர் அட்டை எண்ணும் என் பெயருக்குக் கீழே அப்படியே இருந்தன. அந்த இரண்டும் நீங்காதவரை, அவர் அடுத்து வாங்கும் கடன் மறுபடி என்னைத் தேடி வரக்கூடும். அதற்கான முறையீட்டைச் சென்ற வாரம் பதிந்து, முப்பதாம் நாளை நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன்.