புருவம் திருத்த மாம்பலத்தில் ஒரு நல்ல பார்லர்

மேற்கு மாம்பலம் ஆரிய கவுடா சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், முதல் மாடியில் இருக்கிறது இந்த பார்லர். பெயரைச் சொன்னால் ஏரியாவில் பாதிப் பேருக்குத் தெரியாது, 'டெய்லர் கடை மாடி' என்றால் உடனே வழி காட்டுவார்கள். ஏசி கிடையாது, இரண்டே நாற்காலி, காத்திருக்க ஒரு பெஞ்ச். புருவத்துக்கு மட்டும் 70 ரூபாய். ஆனால் நூலைக் கையில் எடுப்பதற்கு முன்னால் நம் முகத்தை நிதானமாகப் பார்க்கிற ஆள் சென்னையில் எனக்குத் தெரிந்து இங்கே இருக்கும் அக்கா மட்டும்தான், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மற்ற இடங்களில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். உட்கார்ந்ததும் தலையைப் பின்னால் சாய்த்துவிடுவார்கள், 'திக்கா வேணுமா, தின்னா வேணுமா' என்று ஒரே கேள்வி, பதில் சொல்லி வாய் மூடுவதற்குள் பாதிப் புருவம் போயிருக்கும். சாய்ந்திருக்கும்போது தோல் நெற்றிப் பக்கம் இழுபடும், நிமிர்ந்தால் புருவம் வேறு இடத்தில் நிற்கும். ஒரு பெரிய சலூனில் என் தங்கைக்கு இப்படித்தான் நடுவில் அளவுக்கு மேல் எடுத்துவிட்டார்கள், புருவங்கள் விலகியதும் அவள் மூக்கு சட்டென்று அகலமாகத் தெரிய ஆரம்பித்தது. அது வளர்ந்து சரியாகும்வரை கண்ணாடி முன் நிற்கும்போதெல்லாம் அவள் பட்ட வருத்தத்தைக் கூட இருந்து பார்த்தவள் நான்.

இங்கே அக்கா முதலில் நேராக உட்காரச் சொல்கிறார். புருவ முடியை மேல்நோக்கி சீவிவிட்டு, ஒரு பென்சிலை மூக்கின் பக்கவாட்டில் செங்குத்தாக வைக்கிறார். அது புருவத்தைத் தொடும் இடம்தான் தொடக்கம். பென்சிலின் அடியை அங்கேயே வைத்துக்கொண்டு, நேராகப் பார்க்கும் கருவிழியின் வெளி விளிம்பு வழியாகச் சாய்த்தால் வளைவின் உச்சி, கண்ணின் வெளி ஓரம் வழியாகச் சாய்த்தால் வால் முடிய வேண்டிய இடம். வாலின் நுனி தொடக்கத்தைவிடக் கீழே இறங்கக் கூடாது என்பதில் ரொம்பக் கண்டிப்பு, இறங்கினால் நன்றாகத் தூங்கி எழுந்தவர்கூடக் களைத்தாற்போல் தெரிவார். இதையெல்லாம் நம் கையில் கண்ணாடியைக் கொடுத்துக் காட்டிவிட்டுத்தான் நூலைத் தொடுகிறார்.

முகத்துக்கு எது பொருந்தும் என்று இணையத்தில் ஆயிரம் படம் கிடைக்கிறது, அவற்றில் இருப்பது பெரும்பாலும் சரிதான். வட்ட முகத்துக்கு வளைவைக் கொஞ்சம் உயர்த்தினால் முகம் நீளமாகத் தெரியும், முழு வில்லாக வளைத்தால் வட்டம் இன்னும் கூடும். நீள முகத்துக்கு உயர்ந்த வளைவு வேண்டவே வேண்டாம், கிட்டத்தட்ட நேராக விட்டு வாலைப் பக்கவாட்டில் நீட்டினால் அழகு. தாடை அகலமாகச் சதுரமாக இருப்பவர்களுக்கும், நெற்றி அகலமாகி முகவாய் குறுகியவர்களுக்கும் கூர்முனை இல்லாத மென்மையான வளைவு. சரி, ஆனால் படத்தில் இல்லாதது இரண்டு. ஒன்று, புருவ எலும்பு. எலும்பு எங்கே உயர்கிறதோ அங்கேதான் வளைவு இயல்பாக உட்காரும், அதை மீறி வேறு இடத்தில் வளைத்தால் சிரிக்கும்போதே கோணல் தெரிந்துவிடும். இன்னொன்று, நாம் தினமும் எப்படி இருக்கிறோம் என்பது. அக்கா கேட்கும் கேள்விகள் எனக்குப் பிடித்ததே அதனால்தான்: பொட்டு பெரிதாக வைப்பீர்களா, புருவ மத்தியிலா கொஞ்சம் மேலேயா, மூக்குக்கண்ணாடி எப்போதும் உண்டா? அது போடுபவரை அதோடு ஒருமுறை பார்த்துவிட்டு, ஃப்ரேமின் மேல்கோடு புருவத்தோடு எப்படிப் போகிறது என்று பார்த்துத்தான் உச்சியை முடிவு செய்கிறார்.

அப்புறம், குறைவாக எடுப்பது. கீழ்ப்பக்கம் மட்டும் எடுத்து நிறுத்தி, கண்ணாடியைக் கொடுத்து, போதுமா என்று கேட்கிறார். இரண்டு புருவமும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும் என்று மாற்றி மாற்றி எடுத்துக் கொண்டே போனால் கடைசியில் இரண்டுமே கோடாகிவிடும் என்பார். ஒருநாள் ஒரு காலேஜ் பெண் நூல் மாதிரி மெலிதாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தபோது, "எடுக்கறது ரெண்டு நிமிஷம்மா, திரும்ப வளர மாசக்கணக்காகும், இப்போ இவ்வளவு போதும், அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்று சொல்லி அனுப்பினார். அது சரியான பேச்சு. வருடக்கணக்காக வேரோடு பிடுங்கினால் சில இடங்களில் முடி திரும்ப வராமலேகூடப் போகும். 1990களில் மெல்லிய புருவம் ஃபேஷனாக இருந்தபோது எடுத்துத் தள்ளி, இன்று பென்சிலால் வரைந்துகொள்ளும் அத்தைகள் நம் எல்லோர் வீட்டிலும் உண்டு. எடுக்காமலே புருவத்தின் வெளி ஓரம் தானாக உதிர்கிறது என்றால் அதற்கு பார்லர் வேண்டாம், டாக்டரிடம் போங்கள், தைராய்டு குறைவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சுத்தம் நன்றாக இருக்கிறது. ஆளுக்கு ஆள் புது நூல், நூலின் நுனியை வாயில் கடிக்காமல் கழுத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். முகத்துக்கு ரெட்டினால் (வைட்டமின் ஏ) கிரீமோ பரு மருந்தோ போடுகிறீர்களா என்று கேட்கிறார்கள், போட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், தோல் மெலிந்து உரிந்துவர வாய்ப்பு உண்டு. அந்தத் தோலில் வாக்சிங் இன்னும் மோசம். இமையையும் நெற்றியையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள், பிடி தளர்ந்தால் வலியும் அதிகம், வெட்டும் படும். முடிந்ததும் ஐஸ், கற்றாழை ஜெல். வண்டியில் வருபவர்கள் ஹெல்மெட்டின் உள்துணியைத் துவைத்துவிட்டு வாருங்கள், அந்த வியர்வைத் துணி சிவந்த தோலில் உரசினால் மறுநாள் சின்னச் சின்னப் பரு வந்து நிற்கும்.

குறை என்றால், படி செங்குத்து, முட்டி வலி உள்ள பெரியவர்களுக்குக் கஷ்டம். முன்பதிவு வாங்குவதில்லை, சனிக்கிழமை மாலையும் முகூர்த்தத்துக்கு முந்தின நாளும் போனால் பெஞ்சில் இடம் கிடைக்காது. உதவிக்கு இருக்கும் பெண்ணுக்குக் கை வேகம், ஆனால் அளவு பார்ப்பதில்லை, அதனால் அக்காதான் வேண்டும் என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள். பென்சிலால் நிரப்பச் சொன்னால் கன்னங்கரேலென்று நிரப்பிவிடுகிறார்கள், நம் நிறத்துக்கும் முடிக்கும் அடர் பிரவுன்தான் இயல்பாக இருக்கும், அதை மட்டும் வீட்டில் நாமே போட்டுக்கொள்ளலாம். செவ்வாய், வெள்ளி முடி எடுக்கக் கூடாது என்று பார்க்காதவர்கள் அந்த நாட்களில் மதியம் போங்கள், கடை காலியாக இருக்கும், அக்காவும் கூடுதல் நேரம் எடுத்துச் செய்வார்.