தாடி ஓணானுக்கு "ஃபுல் செட்டப்" வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

நேற்று மாலை மருத்துவர் செம்பனின் கீழ்த்தாடையை விரல் நுனியால் மெல்ல அழுத்திக் காட்டினார். ரப்பர் மாதிரி வளைந்தது. ஐந்து மாதக் குட்டி அவன். பியர்டட் டிராகன், நம் மொழியில் தாடி ஓணான். இந்த வயதில் தாடை கெட்டியாக இருக்க வேண்டும். அதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். டெரேரியத்தை, அதாவது ஓணான் வாழும் கண்ணாடிக் கூண்டை, சரியாக எப்படி அமைப்பது என்று கடைசியில் விளக்கமாகச் சொல்கிறேன்.

போன பணம் ஒன்றரை மாதச் சம்பளம். தொகையைச் சொன்னால் "ஒரு ஓணானுக்கா இவ்வளவு" என்று யாராவது ஆரம்பிப்பீர்கள். அதனால் சம்பளக் கணக்கிலேயே வைத்துக்கொள்கிறேன். ஒன்றரை மாதச் சம்பளம்.

இந்த செட்டை வாங்கியது யார் வேண்டுமானாலும் கடை விரிக்கக்கூடிய ஓர் ஆன்லைன் சந்தையில். ஊர்வனவற்றுக்கான கண்ணாடிக் கூண்டு, விளக்கு, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் மட்டுமே விற்கும் ஆள். பெயர் போடவில்லை. எப்படிப்பட்ட ஆள் என்று மட்டும் சொல்கிறேன், நீங்களே அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

நான் ஒன்றும் தெரியாமல் போய் விழவில்லை. இரண்டு மாதம் படித்திருந்தேன். இந்த விலங்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதியைச் சேர்ந்தது, குளிர்காயும் இடம் 38-லிருந்து 42 டிகிரி வரை சுட வேண்டும், மறுமுனை 25 டிகிரி அளவில் இருக்க வேண்டும், புற ஊதா பி கதிர் தரும் யூவிபி விளக்கு இல்லாமல் வளர்க்கவே கூடாது. இதெல்லாம் தெரிந்துதான் அந்த விற்பவனிடம் பேசினேன். எனக்குத் தெரியும் என்பதைப் புரிந்துகொண்டுதான் அவனும் பேசினான்.

வீடியோ காலில் வந்தான். தோளில் ஒரு பெரிய டிராகன் படுத்திருந்தது. என் குட்டியின் பெயரைக் கேட்டான், வயதைக் கேட்டான், என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டான். பொருளைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நானாக, "சுருள் பல்பு ஒன்று மலிவாகக் கிடைக்கிறதே, அது போதுமா?" என்றேன். முகம் மாறிவிட்டது. "ப்ரோ, தயவு செஞ்சு அதை வாங்காதீங்க. நீள டியூப் போடுங்க. கூண்டு நீளத்துல பாதிக்கு மேல வெளிச்சம் விழணும். வெறும் கலர் லைட்டுல யூவிபி ஸ்டிக்கர் ஒட்டி விக்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க. உங்க குழந்தை மாதிரி நினைச்சுப் பாருங்க" என்றான்.

இந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். ஏமாற்றுக்காரர்களைப் பற்றி எனக்கு எச்சரிக்கை செய்தவனே அவன்தான்! திட்டிவிட்டு விற்பவனை யார் சந்தேகப்படுவார்கள்? அன்று இரவே முழுப் பணத்தையும் அனுப்பினேன். பாதி முன்பணம், மீதி பொருள் வந்தபின் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

பெட்டி வந்தது. நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. டியூபைப் போட்டதும் ஊதா கலந்த ஒரு நீல வெளிச்சம். "ஆஹா, யூவிபி" என்று படம் எடுத்து நண்பர்களுக்கு வேறு அனுப்பினேன். நமக்குக் கண்ணில் தெரிகிற எந்த வெளிச்சமும் யூவிபி ஆகாது என்று படித்த மண்டைதான் இது.

முதல் வாரமே செம்பன் மந்தமாக இருந்தான். தெர்மோஸ்டாட் பெட்டியில் 40 என்று காட்டியது. சந்தேகப்பட்டு அகச்சிவப்பு வெப்பமானியால் அவன் குளிர்காயும் கல்லின் மேல் அளந்தால் 31. ஒன்பது டிகிரி வித்தியாசம்! உடனே செய்தி அனுப்பினேன். "ரூம்ல ஏசி ஓடுதா ப்ரோ?" ஏசியே இல்லை என்றேன். "அப்ப உங்க மீட்டரை செக் பண்ணுங்க ப்ரோ." நானும் ஒரு முட்டாள், வேறு மீட்டர் வாங்கி அளந்தேன். அப்போதும் 31. சூடு தரும் பல்பை நானே இறக்கி வைத்துச் சமாளித்தேன்.

மூன்றாவது வாரம் பூச்சிகளைத் தொடவில்லை. "புது வீடு ப்ரோ, ரீலொகேஷன் ஸ்ட்ரெஸ். டைம் குடுங்க." கொடுத்தேன். திருப்பி அனுப்புவதற்கான ஏழு நாள் அதற்குள் முடிந்துவிட்டது என்பது அப்போது என் நினைவிலேயே இல்லை. அவனுக்கு இருந்திருக்கும்.

பிறகு விரல்கள் துடிக்க ஆரம்பித்தன. முன்னங்கால் விரல்கள், தானாக, விட்டு விட்டு. வீடியோ எடுத்து அனுப்பினேன். உடனே பதில்: "கை ஆட்டுறான் ப்ரோ! சப்மிஷன். சோ க்யூட்." கூடவே இரண்டு இதயம். தாடி ஓணான் குட்டிகள் கையை மெதுவாகச் சுழற்றி ஆட்டும், அது உண்மைதான், பணிந்து போவதற்கான சைகை. அதனால் நம்பினேன். நானும் பதிலுக்கு ஓர் இதயம் அனுப்பினேன். அது கால்சியம் இல்லாமல் வந்த நடுக்கம் என்று நேற்றுதான் தெரிந்தது. அந்த ஒரு இதயத்தை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

மருத்துவர் விளக்கையும் கழற்றி எடுத்துவரச் சொல்லியிருந்தார். புற ஊதாக் குறியீடு அளக்கும் கையடக்கக் கருவி அவரிடம் இருந்தது. டியூபை எரியவிட்டுக் கருவியைக் கிட்டத்தில் பிடித்தார். 0.0. இன்னும் கிட்டத்தில். 0.0. தாடி ஓணான் குளிர்காயும் இடத்தில் அந்த எண் 3-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ வர வேண்டும் என்றார். ஊர்வன இயற்கையில் எவ்வளவு கதிர் வாங்கிக்கொள்கின்றன என்று ஆராய்ச்சியாளர் கேரி ஃபெர்குசன் குழு களத்தில் அளந்து 2010-இல் வெளியிட்டதிலிருந்து அந்தக் கதிர் அளவை நான்கு மண்டலங்களாகப் பிரிக்கிறார்களாம், இது மூன்றாவது மண்டலத்துப் பிராணியாம். அப்புறம் டியூபின் முனையில் இருந்த "யூவிபி 10.0" ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கிளப்பினார். அடியில் மீன் படம். மீன் தொட்டி விளக்கு!

ஒன்றரை மாதச் சம்பளத்துக்கு மீன் தொட்டி விளக்கு.

"கால்சியம் பவுடர் தினமும் தூவினேனே டாக்டர்" என்றேன். வைட்டமின் டி3 கலந்ததா என்று கேட்டார். கலக்காதது. அதுவும் அவன் சொன்னதுதான்: "நல்ல யூவிபி இருக்கும்போது டி3 அதிகமாகிடக் கூடாது ப்ரோ." அந்த அறிவுரையைத் தப்பென்று சொல்ல முடியாது. விளக்கு உண்மையாக இருந்திருந்தால்! தோலில் யூவிபி பட்டால்தான் டி3 உருவாக ஆரம்பிக்கும், டி3 இருந்தால்தான் குடல் கால்சியத்தை உறிஞ்சும். இரண்டும் இல்லாததால் நான் தூவியதில் பெரும்பகுதி அப்படியே வெளியே போயிருக்கிறது. இரத்தத்தில் கால்சியம் குறைந்ததும் உடம்பு எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். மூன்று மாதமாகச் செம்பன் தன் எலும்பையே தின்று வாழ்ந்திருக்கிறான். எக்ஸ்ரேயில் எலும்புகள் மங்கலாகத் தெரிந்தன. குடலில் வெள்ளைப் புள்ளிகளாக மணல். "நக்கினால் கால்சியம்" என்று அவன் இலவசமாகப் போட்டுக் கொடுத்த மணல்.

கிளினிக் வாசலிலிருந்தே அவனுக்கு ஃபோன் செய்தேன். எடுக்கவில்லை. அளவீட்டையும் ஸ்டிக்கரையும் படமாக அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. மூன்று மாதமாக ப்ரோவாக இருந்த நான் திடீரென்று சார் ஆகிவிட்டேன். "அன்பாக்சிங் வீடியோ இருக்கா சார்?" இல்லை. "அப்ப டியூபை நீங்க மாத்தலைன்னு எப்படி சார் நம்புறது?" தெர்மோஸ்டாட்? "வாரண்டி கண்ணாடிக்கு மட்டும்தான் சார்." செம்பனின் எக்ஸ்ரேயை அனுப்பினேன். "எனக்கும் கஷ்டமாதான் சார் இருக்கு. பிராணின்னா ரிஸ்க் இருக்கத்தான் செய்யும்." அதோடு என்னை பிளாக் செய்துவிட்டான்.

சந்தைக்காரர்களிடம் போனால் அங்கே மனிதர்களே இல்லை, இயந்திரம்தான் பேசியது. ஏழு நாள் கடந்துவிட்டது, உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம் என்றது. மறுபடி எழுதினேன். அதே வரி. மூன்றாவது முறை புகார் "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட்டு, சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டது. ஒன்றரை மாதச் சம்பளம், அது போக எக்ஸ்ரே, மருந்து, புது விளக்கு. அதற்கு நட்சத்திரம்!

எப்படி அமைப்பது என்று விளக்கமாக எழுதுவதாகச் சொன்னேன். இப்போது முடியாது, தலை வேலை செய்யவில்லை. அவசரத்துக்குச் சில.

செட்டாக வாங்காதீர்கள். விளக்கை மட்டுமாவது பெயர் தெரிந்த நிறுவனத்துடையதாக, தனியாக, சீல் உடையாத அட்டையில் வாங்குங்கள். டி5 எச்ஓ என்கிற, மெல்லிசான, அதிக ஒளி தரும் நீள டியூப். புற ஊதாக் குறியீட்டுக் கருவியை வாங்க முடியாவிட்டால் யாரிடமாவது இரவல் கேளுங்கள், ஒரே ஒரு முறை அளந்தால்கூடப் போதும், பொய் வெளிவந்துவிடும். சாதாரணக் கண்ணாடி யூவிபியைத் தடுத்துவிடும், நடுவில் வைக்காதீர்கள். கம்பி வலையும் ஒரு பங்கைத் தின்னும். நல்ல டியூப்கூட எரிந்துகொண்டே இருக்கும்போதே கதிர் குறையும், மாற்றும் தேதியை அதன் மேலேயே எழுதுங்கள்.

தெர்மோஸ்டாட் காட்டும் எண்ணை நம்பாதீர்கள், கல்லின் மேல் நீங்களே அளங்கள். கால்சியம் மணல் வேண்டவே வேண்டாம், குட்டிக்குக் காகிதம் விரித்தால் போதும். பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். விரல் துடித்தால் விற்றவனிடம் கேட்காதீர்கள், மருத்துவரிடம் ஓடுங்கள்.

மீதி அப்புறம். செம்பனுக்கு வாயில் கால்சியம் சொட்டு விடும் நேரம். தாடை வலிக்குமோ என்று பயந்து பயந்து திறக்க வேண்டியிருக்கிறது.