கையில ஒட்டற சுகர் சென்சார்: ரெண்டே கால் வருசம், 14 சென்சார், என் அனுபவம்

"ஏஞ்சாமி, கையில என்ன வட்டமா ஒட்டிருக்கற, அடி கிடி பட்டுருச்சா"ன்னு அம்மா கேட்டது 2023 சித்திரைல. அப்ப எனக்கு 47 வயசு, சுகர் வந்து ஆறு வருசம், எச்பிஏ1சி, அதாவது மூணு மாசத்து சராசரி சுகர், 8.4. கோயமுத்தூர்ல ஒரு பம்ப்செட் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்கறேன், காலைல உக்காந்தா சாயங்காலம்தான் எந்திரிக்கறது. அன்னிலருந்து இது வரைக்கும் 14 சென்சார் போட்டாச்சு. எந்த கம்பெனின்னு சொல்லல, குறையும் சொல்லப் போறேன்ல, அதனால.

தெரியாதவங்களுக்கு: மேல்கைக்குப் பின்பக்கம் அமுக்குனா டப்னு ஒரு சத்தம், ஊசி வெளிய வந்துரும், முடி மாதிரி ஒரு இழை மட்டும் உள்ள நிக்கும். 14 நாளைக்கு வரும், சுகர் எவ்ளோன்னு போன் ஆப்ல கோடா காட்டும். ரத்தத்துல அளக்கறதில்ல, தோலுக்கு அடியில இருக்கற நீர்ல அளக்குது, அதனால நெஜ சுகர விட அஞ்சு பத்து நிமிசம் பின்னாடிதான் ஓடும். சுகர் வேகமா ஏறும்போது குளுக்கோமீட்டர் ஒன்னு சொல்லும் இது ஒன்னு சொல்லும், ரெண்டும் பொய் இல்ல.

முதல் சென்சார் போட்ட மூணாவது நாளே எனக்கு கிறுக்குப் புடிச்சாப்ல ஆயிருச்சு. ஆறு வருசமா என்கிட்ட ஒரு டயட் ஷீட் இருக்குது, ஆஸ்பத்திரில எல்லாருக்கும் ஒன்னே ஒன்ன ஜெராக்ஸ் போட்டுக் குடுப்பாங்கள்ல, அரிசி ஆகாது, ராகி ஓட்ஸ் நல்லதுன்னு. அத நம்பி தெனம் காலைல ராகிக் கஞ்சி குடிச்சிட்டிருந்தேன். அன்னிக்கு குடிக்கறதுக்கு முன்னாடி 138, ஒரு மணி நேரத்துல 251. கோடு செங்குத்தா தென்னமரம் மாதிரி நிக்குது. மறுநாளும் அதே. ஞாயித்துக்கிழமை வீட்டுல அரிசிம்பருப்பு சாதம், எங்க ஊருப் பக்கம் தெரியும், துவரம்பருப்ப தாராளமா போட்டு நெய் ஊத்தி சாப்பிடறது. அத பீன்ஸ் பொரியலோட சாப்பிட்டா 170ஐத் தாண்டல! பொரியல மொதல்ல சாப்பிட்டுட்டு அப்பறம் சாதத்துல கை வெச்சா இன்னும் கம்மி. டாக்டரம்மாகிட்ட கேட்டேன், நைசா அரைச்ச மாவக் கஞ்சியா காச்சுனா எந்த தானியமா இருந்தாலும் சீக்கிரமா சக்கரையா மாறும், பருப்பும் நெய்யும் காயும் சேந்தா மெதுவாத்தான் மாறும்னாங்க. ராகியையே களியா கிண்டி கீரையோட தின்னா எனக்கு அவ்ளோ ஏறல.

ஆனா இது என் ஒடம்புக்கு. என் சம்சாரத்தோட அண்ணனுக்கும் சுகர்தான், அவரும் ஒரு சென்சார் போட்டுப் பாத்தாரு, கஞ்சி அவர ஒன்னும் பண்ணல, எனக்கு ஒன்னும் பண்ணாத சப்பாத்தி அவர எங்கியோ கொண்டு போயிருச்சு. 2015ல இஸ்ரேல்ல வைஸ்மன் இன்ஸ்டிட்யூட்ல 800 பேருக்கு ஒரு வாரம் இந்த மாதிரி சென்சார் மாட்டி இதத்தான் பாத்திருக்காங்க, ஒரே சாப்பாட்டுக்கு ஆளுக்கு ஆள் வேற வேற மாதிரி ஏறுதுன்னு. அப்ப அந்த ஜெராக்ஸ் பேப்பர் யாருக்குத்தான் எழுதுனதுன்னு இப்பவும் எனக்குப் புரியல.

சாப்பாட்ட விட பெரிய விசயம் மாத்திரைலதான் மாட்டுச்சு. சாயங்காலம் நாலு மணியானா எனக்கு ஒரு பசி வரும் பாருங்க, கை லேசா நடுங்கும், ஆபீஸ் வாசல்ல இருக்கற கடைல ரெண்டு பஜ்ஜி உள்ள போனாத்தான் அடங்கும். வருசக்கணக்கா இத நாக்கு ருசின்னு நெனச்சு என்னையே திட்டிட்டு இருந்தேன். 14 நாள் கணக்க ஒரே பக்கத்துல படமா போட்டுக் காட்டற ரிப்போர்ட் ஒன்னு இருக்குது, ஏஜிபின்னு சொல்வாங்க, அத டாக்டரம்மா பாத்ததும் பேனாவால நாலு மணிய வட்டம் போட்டாங்க. பாதி நாளு அந்த நேரத்துல 62, 65னு எறங்கியிருக்குது. காலைல போடற கிளிமிபிரைடு மாத்திரை கொஞ்சம் அதிகமாப் போயி சுகர எறக்குது, எறங்குனதுல பசி, பசில பஜ்ஜி, பஜ்ஜில ராத்திரி 240, ராத்திரி 240ன்னு சொன்னா பழைய டாக்டர் மாத்திரைய இன்னும் ஏத்துவாரு. 2 மில்லிகிராம 1 ஆக்குனாங்க. பத்து நாள்ல பஜ்ஜி தானா நின்னுச்சு. தயவுசெஞ்சு இதப் படிச்சிட்டு நீங்களா மாத்திரைய மாத்தாதீங்க, நானும் டாக்டர் சொல்லித்தான் கொறச்சேன்.

எச்பிஏ1சிங்கறது வெறும் சராசரிதான். சராசரி ஆழம் மூணடின்னு கணக்குப் போட்டு ஆத்துல எறங்குனவன் கதைதான் எனக்கு நடந்திட்டிருந்தது. இப்ப 70க்கும் 180க்கும் நடுவுல எவ்ளோ நேரம் இருக்கோம்னு பாக்கறாங்க, 2019லருந்து உலக அளவுல 70 சதவீதத்துக்கு மேல இருக்கணும்னு கணக்கு வெச்சிருக்காங்க. எனக்கு ஆரம்பத்துல 48, போன சென்சார்ல 76. எச்பிஏ1சி இப்ப 6.9.

இனி குறை. ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு போன் அலறுது, சுகர் 54. சம்சாரம் பதறி எந்திரிச்சு நாட்டுச்சக்கரையக் கரைச்சு ஒரு சொம்பு கொண்டாந்து வாயில ஊத்துறா, நானும் குடிச்சிட்டேன், எதுக்கும் இருக்கட்டும்னு வெரல்ல குத்திப் பாத்தா 117. சென்சார் இருக்கற கை மேலயே ஒருக்களிச்சுப் படுத்திருக்கேன், அமுங்குனா அப்படித்தான் பொய்யா கொறச்சுக் காட்டுமாம். இப்ப நெஜமாவே 210. விடிய விடிய ரெண்டு பேரும் மொட்டமாடில நடந்தோம். இன்னொரு சென்சார் பஸ்ல கம்பி இடிச்சு அஞ்சாம் நாளே பேந்து வந்திருச்சு, கஸ்டமர் கேர்ல பதினொரு நாள் இழுத்தடிச்சிட்டு வேற தரமாட்டோம்னுட்டாங்க. அப்பறம் நடுவுல போன மாத்துனா அந்த சென்சார் புது போன்ல எடுக்காது, இத அட்டைல பெருசா எழுதினா என்ன கெட்டுப்போச்சு.

டேட்டா விசயத்துக்கு வரேன். ஆப்ல குடும்பத்தோட ஷேர் பண்ற வசதி இருக்குதுன்னு ஆசையா சம்சாரத்தோட போன்ல போட்டு வெச்சேன். மறுநாளே ஆபீசுக்கு போன்: "ஏனுங்க, பதினொன்னரைக்கு என்னத்த தின்னீங்க?" மேனேஜர் பொண்ணுக்கு நிச்சயம்னு ஸ்வீட் குடுத்தாங்க, அரை மைசூர்பாக்கு. இதாவது வீட்டு ஆளு. ஒரு டயட் பேக்கேஜ் கம்பெனி ஆப்போடயும் இத இணைச்சேன், ஒரு மாசத்துல யார் யாரோ கூப்புட்டு, "சார் உங்க நைட் ரீடிங் ஹையா இருக்குதே, எங்க பவுடர் ட்ரை பண்ணுங்க"ன்றாங்க. என் ராத்திரி சுகர் பவுடர் விக்கறவனுக்கு எப்படிங்க தெரியும்? நான்தான் ஏதோ ஒரு டிக் போட்டிருக்கேன், படிக்காம. 2023ல டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கொண்டு வந்திருக்காங்க, குடுத்த சம்மதத்த திரும்ப வாங்கிக்கலாம்னு அதுல இருக்குது. நான் மெயில் போட்டு அக்கவுண்ட்ட அழிக்கச் சொல்லி மூணு தடவ கேட்டப்பறம்தான் போன் வர்றது நின்னுச்சு. இப்ப பண்றது, சென்சார் முடிஞ்சதும் ரிப்போர்ட்ட நானே டவுன்லோடு பண்ணி வெச்சுக்கறேன், டாக்டர் தவிர வேற எதோடயும் இணைக்கறதில்ல.

காசு. ஒரு சென்சார் அஞ்சாயிரத்த ஒட்டி வருது, வருசம் பூரா போட்டா 26 வேணும், ஒன்னே கால் லட்சத்துக்கு மேல. என் இன்சூரன்ஸ்ல சல்லிக்காசு தரல. ஒடம்புல இன்சுலின் சுரக்காம, தெனம் இன்சுலின் போட்டே ஆகணும்னு இருக்கற டைப் 1 புள்ளைங்களுக்குத்தான் இது தெனமும் வேணும், கிளினிக்ல பக்கத்துல உக்காந்திருந்த ஒரு அப்பா மாசத்துக்கு ஒன்னுதான் முடியுதுங்கன்னாரு, மீதி ரெண்டு வாரம் ராத்திரி அலாரம் வெச்சு எந்திரிச்சு புள்ளைக்கு வெரல் குத்தறாராம். பெங்களூர்ல என் அக்கா பையன், 27 வயசு, சுகரே இல்ல, ஜிம்முக்குப் போறவன், சென்சார மாட்டிட்டு "மாமா வாழப்பழம் தின்னா 145 போகுது"ன்னு அழுவறான். போகத்தான்டா செய்யும். அமெரிக்காவுலயும் 2024 மார்ச்ல டாக்டர் சீட்டு இல்லாமயே வாங்கலாம்னு ஒரு சென்சாருக்கு அங்கத்த மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ அனுமதி குடுத்தாச்சு, இனி இந்த மாதிரி அழுகை ஊரெல்லாம் கேக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 2023ல போட்ட கணக்குல இந்தியாவுல சுகர் உள்ளவங்க 10 கோடிக்கு மேல, அதுல எத்தன பேரால இத வாங்க முடியும்.

எங்கம்மாவுக்கும் சுகர்தான், 74 வயசு. மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வந்து மாத்திரை குடுத்து, வெரல்ல குத்தி, ஒரு சின்ன அட்டைல எழுதிட்டுப் போறாங்க. அம்மாவோட டேட்டா மொத்தமும் அந்த அட்டைதான், சாமி படத்துக்குப் பின்னால சொருகி வெச்சிருக்கும்.

நான் இப்ப வருசம் பூரா போடறதில்ல. மாத்திரை மாத்துனா ஒன்னு, ஆறு மாசத்துக்கு ஒன்னு, அவ்ளோதான். நடுவுல சந்தேகம் வந்தா சாப்பிடறதுக்கு முன்ன ஒன்னு ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒன்னு, ஸ்ட்ரிப்ல குத்திப் பாத்தாலே பாதிக்கு மேல தெரிஞ்சிருது. புதுசா வாங்கறவங்க மொத ஒரே ஒரு சென்சார் வாங்குங்க, அந்த 14 நாளும் பத்தியம் இருந்து நல்ல பேரு வாங்கப் பாக்காதீங்க, எப்பவும் தின்றதயே தின்னு நேரத்த எழுதி வைங்க, ரிப்போர்ட்ட படிக்கத் தெரிஞ்ச டாக்டர முன்னாடியே பாத்து வெச்சுக்கோங்க, பாதிப் பேரு அத வாங்கி ஓரமா வெச்சிட்டு "ஃபாஸ்டிங் எவ்ளோ"ன்னுதான் கேக்கறாங்க. அலமாரில இன்னொன்னு இருக்குது, அத தீபாவளி வாரத்துல போடலாம்னேன், சம்சாரம் வேண்டவே வேண்டாம்னுட்டா.